முதலாளி பெயரா, கம்பெனி பெயரா? வாசலிலேயே நின்றுபோன ஒரு வழக்கு

எஸ்.என்.ஏ. டிரான்ஸ்போர்ட் லிமிடெட் என்று இங்கிலாந்தில் ஒரு கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஒருவர் கம்பெனிமீது வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில், அதாவது நாம் பேச்சில் ட்ரிப்யூனல் என்று சொல்லும் இடத்தில், வழக்குப் போட்டார். வழக்குப் போடுவதற்கு முன்னால் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது சட்டம், அதையும் வாங்கியிருந்தார். ஆனால் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது எதிர்த்தரப்பு யார் என்ற இடத்தில் கம்பெனியை நடத்துகிறவரின் பெயரைக் கொடுத்திருந்தார். வழக்குப் படிவத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. இரண்டும் ஒன்றாக இல்லை என்று ட்ரிப்யூனல் வழக்கை வாங்க மறுத்தது, 2017-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதில் சட்டப் பிழை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அவருக்கு வேலையில் என்ன நடந்தது, அது நியாயமா அநியாயமா என்ற கேள்விக்குள் அந்த வழக்கு போகவே இல்லை.

தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. கம்பெனிப் பெயரில் இருக்கும் எஸ், என், ஏ என்ற மூன்று எழுத்துகளும் கம்பெனியை நடத்துகிற அந்த மனிதரின் பெயரில் உள்ள மூன்று சொற்களின் முதலெழுத்துகள். அதாவது கம்பெனியே அவர் பெயரைச் சுருக்கி வைத்ததுதான். டி.வி.எஸ். என்றால் அது சுந்தரம் அய்யங்காரின் பெயர் என்று தெரிந்து வளர்ந்த நமக்கு, அங்கே வேலை பார்த்தவர் ஏன் அப்படி எழுதினார் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. முதலாளி வேறு, கம்பெனி வேறு என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. காலையில் போன் போட்டு இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்கிற ஆள் ஒருவர்தான்.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள, இப்படி ஒரு சான்றிதழ் எதற்கு வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

2013 ஜூலையில் ட்ரிப்யூனலுக்குக் கட்டணம் வைத்தார்கள். பணிநீக்கம், பாகுபாடு மாதிரி வழக்குகளுக்கு, வழக்குப் போடும்போது 250 பவுண்டு, விசாரணைக்கு 950 பவுண்டு, ஆக மொத்தம் 1,200 பவுண்டு. வேலை போய் நிற்கிற ஒருவர் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்? வழக்குகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சரிந்தது. அதே 2013 ஏப்ரலில் வேலை சம்பந்தமான வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கச் சட்ட உதவியும் நின்றுபோயிருந்தது, பாகுபாடு வழக்குகள் மட்டும் தப்பின. இந்த இரண்டும் நடந்து முடிந்த கையோடு, 2014 மே 6 முதல் ஏகாஸ் என்ற முதல் படி கட்டாயமானது. 1996-ஆம் வருட வேலைவாய்ப்புத் தீர்ப்பாயங்கள் சட்டத்தில் 18ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கிட்டத்தட்ட எந்த வழக்காக இருந்தாலும் முதலில் ஏகாஸிடம் சொல்லாமல் ட்ரிப்யூனல் படி ஏற முடியாது என்று ஆக்கினார்கள். கட்டணத்தை 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொல்லி நீக்கிவிட்டது. ஏகாஸ் படி அப்படியே இருக்கிறது.

அந்தப் படியின் நோக்கம் எனக்கு உடன்பாடுதான், அதைச் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு நடுவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தால் நிறைய சண்டை அங்கேயே முடியும், முடியவும் செய்கிறது. தொழிலாளி சமரசம் பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஏகாஸைத் தொடர்புகொண்டால் போதும், பேச விருப்பம் இல்லை என்றால் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம். அவ்வளவு எளிமையாக வைத்த ஒரு படி, ஆட்களைத் தடுக்கிற சுவராக எப்படி மாறியது என்பதுதான் கதை.

சான்றிதழில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும், வழக்குப் போடுகிறவர் பெயர் இருக்கும், எதிர்த்தரப்பின் பெயர் இருக்கும். அடுத்து ஈ.டி.1 என்ற வழக்குப் படிவம். அதிலும் அந்த எண், அந்த இரண்டு பெயர்கள். படிவம் வந்ததும் அலுவலக ஊழியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 2013-ஆம் வருட நடைமுறை விதிகளில் 12-ஆவது விதி அப்போது இதைத்தான் சொன்னது: வழக்குப் போட்டவர் பெயரோ எதிர்த்தரப்பின் பெயரோ சான்றிதழில் இருப்பதிலிருந்து மாறியிருந்தால் படிவத்தை நீதிபதியிடம் அனுப்ப வேண்டும், நீதிபதி வழக்கை நிராகரிக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு இருந்தது. பெயரிலோ முகவரியிலோ நடந்தது சிறிய தவறு, அதோடு அந்தத் தவறுக்காக வழக்கைத் தள்ளுவது நியாயம் ஆகாது, இந்த இரண்டும் நீதிபதிக்குத் தோன்றினால் வழக்கை ஏற்கலாம்.

சிறிய தவறு. இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மூன்று நான்கு வருடம் வக்கீல்கள் சண்டை போட்டார்கள்.

சரி, நிராகரித்தால் என்ன, பெயரைத் திருத்தி மறுபடியும் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கொடுக்கலாம். நிராகரித்த கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு, தவறைத் திருத்தலாம் என்று அடுத்த விதி சொல்கிறது. ஆனால் அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: அப்படித் திருத்தினால், திருத்திய நாளில்தான் வழக்கு வந்ததாகக் கணக்கு. முதல் படிவம் கொடுத்த தேதி போய்விடும்.

அந்தத் தேதி போவதால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஜனவரி 10-ஆம் தேதி ஒருவரை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வழக்குகள் நடந்த காலத்துக் கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதாவது ஏப்ரல் 9. அவர் ஏப்ரல் 1-ஆம் தேதி ஏகாஸைத் தொடர்புகொள்கிறார், ஏப்ரல் 29-ஆம் தேதி சான்றிதழ் வருகிறது. சமரசம் நடந்த நாட்களைக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள், சான்றிதழ் வந்து ஒரு மாதம் வரையாவது நேரம் கிடைக்கும், ஆகவே இப்போது கெடு மே 29. அவர் மே 26-ஆம் தேதி படிவத்தை அனுப்புகிறார். மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, நேரத்துக்குப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார். ஜூன் 5-ஆம் தேதி கடிதம் வருகிறது, பெயர் ஒத்துப்போகவில்லை, வழக்கு நிராகரிக்கப்பட்டது என்று. மறுநாளே ஓடிப்போய்த் திருத்திக் கொடுக்கிறார். ஜூன் 6 என்று தேதி விழுகிறது. எட்டு நாள் தாமதம். அப்புறம் அந்த எட்டு நாளுக்கு ஏன் மன்னிப்புத் தர வேண்டும் என்று தனியாக ஒரு போராட்டம். பாகுபாடு வழக்காக இருந்தால் நியாயம் என்று தோன்றினால் கெடுவை நீட்டலாம் என்று நீதிபதிக்குக் கொஞ்சம் தாராளமான அதிகாரம் உண்டு. அநியாயப் பணிநீக்கம் என்றால் கதை வேறு: நேரத்துக்குள் போடுவது நடைமுறையில் சாத்தியமே இல்லாமல் இருந்தது என்று காட்ட வேண்டும், ஏற்கெனவே நேரத்துக்குள் ஒரு படிவம் போட்ட மனிதர் அதை எப்படிக் காட்டுவார் என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

இரண்டாவதாக ஒரு சான்றிதழ் வாங்கினால் கடிகாரம் மறுபடியும் நிற்குமா? அதே விவகாரத்துக்கு, அதே எதிர்த்தரப்புமீது என்றால் நிற்காது. வருமானவரித் துறையை எதிர்த்த ஒரு வழக்கில் 2017-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் சான்றிதழ்தான் கெடுவை நீட்டும், அடுத்தது வெறும் தாள்.

இந்தப் பின்னணியோடு எஸ்.என்.ஏ. வழக்குக்குத் திரும்புகிறேன். ஏகாஸிடம் போனபோது அந்தத் தொழிலாளிக்கு வக்கீல் இல்லை. கேள்வி இதுதான்: ஒரு மனிதரின் பெயருக்கும் ஒரு லிமிடெட் கம்பெனியின் பெயருக்கும் உள்ள வித்தியாசம் சிறிய தவறா? ட்ரிப்யூனல் நீதிபதி இல்லை என்றார். தனி ஆள் ஒரு சட்ட நபர், கம்பெனி வேறொரு சட்ட நபர், ஒருவரை இன்னொருவராக எழுதியது எழுத்துப் பிழை மாதிரி கிடையாது என்பது அந்தப் பக்கத்து வாதம். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி சூல், இந்த மாதிரித் தவறு எப்போதுமே பெரியது என்றும் சொல்லவில்லை, எப்போதுமே சிறியது என்றும் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையைப் பொறுத்தது, அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கீழே இருக்கும் நீதிபதி, அவர் சட்டத்தைத் தவறாகப் படிக்கவில்லை என்றால் நான் தலையிட முடியாது என்பது அவர் நிலை. இன்னொன்றும் அதில் அடங்கியிருக்கிறது: தவறு சிறியது என்று ஆனால்தான் நியாயம் என்ன என்ற இரண்டாவது கேள்விக்கே போக முடியும். முதல் கதவு மூடினால் இரண்டாவது கதவை யாரும் தட்டுவதில்லை.

சட்டமாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் ஓட்டை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி என்பது முதலாளியிலிருந்து வேறான ஒரு சட்ட நபர் என்ற கொள்கை இங்கிலாந்துச் சட்டத்தின் அடிக்கல், அதை 1896-இல், அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் உறுதியாக்கியது. ஒரு செருப்பு வியாபாரி தன் தொழிலையே தான் ஆரம்பித்த கம்பெனிக்கு விற்ற வழக்கு அது. ஆனால் அந்தக் கொள்கை, கடன் கொடுத்தவர்கள் யாரிடம் பணம் கேட்கலாம் என்பதைத் தீர்க்க வந்தது. ஏகாஸ் அதிகாரி யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைத் தீர்க்க வந்ததா? சான்றிதழில் முதலாளி பெயர் இருந்தாலும் கம்பெனி பெயர் இருந்தாலும் ஏகாஸ் கூப்பிடுவது அதே மனிதரைத்தான், அவர் பேசுவதும் அதே விஷயத்தைத்தான். சமரசத்துக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்பது படியின் நோக்கம் என்றால், அந்த வாய்ப்பு முழுசாகக் கொடுக்கப்பட்டுவிட்டது.

இதைக் கிட்டத்தட்ட இதே கோணத்தில் பார்த்த தீர்ப்பும் அதே 2017-இல் வந்தது. ட்ரோபிரிட்ஜ் ஆபீஸ் கிளீனிங் சர்வீசஸ் என்ற துப்புரவு கம்பெனிமீதான வழக்கு. அதே தவறு: சான்றிதழில் கம்பெனியை நடத்துகிறவர் பெயர், படிவத்தில் கம்பெனி பெயர். கீழே நிராகரித்தார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி கெர் அதை மாற்றினார். சட்டம் படித்தவருக்குப் பெரிதாகத் தெரிகிற வித்தியாசம் சாதாரண மனிதருக்கு அப்படித் தெரிய வேண்டும் என்று இல்லை, அதோடு, தள்ளுவது அநியாயம் என்று நீதிபதிக்கே தோன்றினால் தவறு சிறியது என்பதற்கு அதுவே ஓர் அடையாளம் என்று அவர் பார்த்தார். வக்கீல் இல்லாமல் வருகிறவர்கள் விஷயத்தில் வடிவத்தைப் பொருளுக்கு மேலே தூக்கி வைக்கக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு கேள்விகளையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரிக்காமல் சேர்த்துப் பார்த்ததில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. எஸ்.என்.ஏ. தொழிலாளி அந்த நீதிபதி முன் நின்றிருந்தால் அவர் வழக்கு பிழைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே விதி, ஒரே வருடம், ஒரே மாதிரியான தவறு, இரண்டு முடிவு.

இதற்கு முந்தின வருடமே, டெர்பி பக்கத்து ஒரு சுகாதார டிரஸ்ட் சம்பந்தமான வழக்கில் நீதிபதி ஈடி ஒரு நல்ல விஷயம் சொல்லியிருந்தார். ஏகாஸ் கட்டத்தில் எதிர்த்தரப்பின் சட்டப்பூர்வமான முழுப் பெயர் எழுத்துக்கு எழுத்து வேண்டும் என்பதில்லை, வெளியில் எந்தப் பெயரில் இயங்குகிறார்களோ அந்தப் பெயரும் போதும் என்று. அது எஸ்.என்.ஏ. தொழிலாளிக்கு உதவவில்லை. கடைப் பலகையில் உள்ள பெயர் என்றால் பரவாயில்லை, ஆள் பெயர் என்றால் பிரச்சினை என்று ஆகிவிட்டது.

பெயரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எண்ணிலும் இதே கதைதான். யுனைட்டெட் லேர்னிங் டிரஸ்ட் என்ற கல்வி அமைப்புமீது ஒரு பெண் போட்ட வழக்கில், ஏகாஸ் எண்ணின் இரண்டு இலக்கம் படிவத்தில் விட்டுப்போயிருந்தது. சான்றிதழ் அவரிடம் இருக்கிறது, ஏகாஸிடம் பேசியிருக்கிறார், எல்லாம் முறையாக நடந்திருக்கிறது. ஆனால் முழு எண் இல்லை, ஆகவே நிராகரித்தது சரி என்று 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த வருடம் பிரிட்டிஷ் டெலிகாம்மீதான வழக்கிலும் அதே மாதிரி எண் பிழை, படிவம் திரும்பி வந்தது, திருத்திக் கொடுப்பதற்குள் கெடு ஓரிரு நாளில் தாண்டிவிட்டது. நீதிபதி சிம்லர் அந்த வழக்கைப் போட்ட பெண்ணின் பக்கம் நின்றார். முதல் படிவத்தை நேரத்துக்குள் போட முடிந்ததே என்று பார்க்கக் கூடாது, இரண்டாவது படிவத்தை ஏன் நேரத்துக்குள் போடவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். முதலாவது சரியாகத்தான் போயிருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தபோது இரண்டாவதை எதற்குப் போடுவார்? இதை ஒரு நீதிபதி எழுத்தில் சொல்லும்வரை, ஏற்கெனவே ஒன்றைப் போட்டாயே, அப்படியானால் முடியும் என்றுதானே அர்த்தம் என்ற வாதம் ட்ரிப்யூனல்களில் எடுபட்டுக்கொண்டிருந்தது. பெயர்ப் பிழைக்காகத் தேதி பறிபோகிறவர்களுக்கும் இந்தத் தீர்ப்புதான் இன்றுவரை கையில் இருக்கும் நல்ல ஆயுதம்.

2020 அக்டோபர் 8-ஆம் தேதி விதியை மாற்றினார்கள். மாற்றம் என்ன தெரியுமா? சிறிய தவறு என்பதில் சிறிய என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது பெயரில் தவறு நடந்திருக்கிறது, அதற்காகத் தள்ளுவது நியாயம் ஆகாது என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். தவறின் அளவை யாரும் அளக்க வேண்டியதில்லை. எண் மாறியிருந்தாலும் இதே விலக்கு கிடைக்கும் என்றும் சேர்த்தார்கள். எஸ்.என்.ஏ. வழக்கில் மூடிய முதல் கதவு இது, அதைக் கழற்றியே எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரி 6 முதல் நடைமுறை விதிகள் முழுவதும் புதிதாக எழுதப்பட்டிருக்கின்றன, விதி எண்கள் மாறிவிட்டன, இந்த ஏற்பாடு மாறவில்லை.

2023-இல், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மேலே இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு பெரிய கல்லை நகர்த்தியது. செயின்ஸ்பரி சூப்பர்மார்க்கெட் தொழிலாளர்கள் சம ஊதியம் கேட்டுக் கூட்டாகப் போட்ட வழக்கு. ஒரே படிவத்தில் பல பேர், ஆனால் எல்லோருடைய சான்றிதழ் எண்ணும் அதில் இல்லை. வழக்கு உள்ளே போய் வருஷக்கணக்கில் ஓடிய பிறகு, எண் இல்லாதவர்களின் வழக்குகளைத் தள்ள வேண்டும் என்று கம்பெனி கிளம்பியது. நீதிபதி பீன் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. படிவத்தில் ஒருவருடைய சான்றிதழ் எண் இருந்தாலே அந்த விதிக்குப் போதும், அதோடு நிராகரிப்பு என்பது படிவம் வந்து சேரும் வாசல் கட்டத்துக்கான ஏற்பாடு, வாசலைத் தாண்டி வழக்கு உள்ளே வந்தபின் பின்னால் போய் அதைப் பிடித்து இழுக்க முடியாது. அதுவரை முதலாளி தரப்பு வக்கீல்கள் பழைய கோப்பைப் புரட்டி எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று தேடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அது பெரும்பாலும் போய்விட்டது.

நல்லதுதான். ஆனால் தேதி பறிபோகும் அந்த வரி இன்னும் இருக்கிறது. நீதிபதி தவறை மன்னித்து ஏற்றால் முதல் தேதி நிற்கும். மன்னிக்காவிட்டால், திருத்திய தேதிதான். நியாயம் ஆகாது என்று தோன்றுவது நீதிபதிக்கு நீதிபதி மாறும் என்பதை 2017-இல் பார்த்தோம். ஆளையே மாற்றிப்போட்டவரை இங்கே நான் சொல்லவில்லை, ஒரே முதலாளியை வேறு பெயரில் எழுதியவரைச் சொல்கிறேன். அவர் தவறைத் திருத்தினால் முதல் தேதியே நிற்கும் என்று விதியிலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து. அதனால் எந்த முதலாளிக்கும் ஒன்றும் நஷ்டம் இல்லை. ஏகாஸிடமிருந்து அவருக்கு ஏற்கெனவே தகவல் போயிருக்கும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அக்கறையாகப் படிக்கக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிற ஓர் இடத்தில் கொஞ்ச காலமாக உட்காருகிறேன். போன குளிர்காலத்தில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கடையில் ஆறு வருடம் நின்றவர். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். ஜாக்கெட் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தினார். கடை ரசீதில் ஒரு பெயர், அது பலகையில் இருக்கும் பெயர். பே ஸ்லிப்பில் வேறொரு பெயர், கடைசியில் லிமிடெட் என்று. வங்கிக் கணக்கில் சம்பளம் வந்து விழுந்த வரியில் மூன்றாவதாக ஒரு பெயர், அது முதலாளியின் தம்பி நடத்தும் இன்னொரு கம்பெனி. இது தவிர முதலாளி. அவரை இவர் ஆறு வருடமாக அண்ணை என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார், முழுப் பெயர் தெரியாது.

“தம்பி, எனக்குச் சம்பளம் தாறவர் அவர்தானே, அப்ப அவற்றை பெயரைத்தானே எழுத வேணும்?” என்று கேட்டார்.

எஸ்.என்.ஏ. வழக்கின் முழு வாதமும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் யாராவது இதே வார்த்தையில் கேட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பே ஸ்லிப்பில் உள்ள பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். வேலையை விட்டு வரும்போது கொடுக்க வேண்டிய பி45 தாள் கையில் இருந்தால் அதிலும் முதலாளியின் பெயர் இருக்கும், இரண்டையும் வைத்துப் பாருங்கள். வேலையில் சேரும் நாளிலேயே முதலாளியின் பெயரோடு ஓர் எழுத்துப்பூர்வமான விவரத் தாள் தர வேண்டும் என்பது 2020 ஏப்ரல் முதல் சட்டம். கொடுக்காதவர்கள் நிறைய, ஆனாலும் வீட்டில் தேடிப் பாருங்கள், இமெயிலில் எங்காவது கிடக்கும். லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் காசு கொடுக்காமலே தேடலாம், சரியான எழுத்துக்கூட்டல் அங்கே கிடைக்கும். அதைப் பார்த்து ஏகாஸ் படிவத்தை நிரப்புங்கள். உண்மையிலேயே யார் முதலாளி என்று தெரியவில்லையா, இரண்டு பெயருக்கும் தனித்தனியாக ஏகாஸுக்குப் போடுங்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் என்பதுதான் முறை, இரண்டு வாங்குவதற்கு யாரும் காசு கேட்பதில்லை. சமரசம் நடந்துகொண்டிருக்கும்போதே தவறு கண்ணில் பட்டால் அப்போதே ஏகாஸ் அதிகாரியிடம் சொல்லித் திருத்தச் சொல்லிக் கேளுங்கள், சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பெயரிலும் கவனம் வேண்டும். விதி இரண்டு பக்கத்துப் பெயரையும் சேர்த்துத்தான் பேசுகிறது, நம்மவர்களுக்கு இதில்தான் கால் இடறும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பே ஸ்லிப்பில் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும், வேலை இடத்தில் வாய்க்கு வரவில்லை என்று அவர்களே சுருக்கி வைத்த ஒரு பெயர். கல்யாணம் ஆன பெண்களுக்குக் கணவர் பெயர் ஒரு தாளில், அப்பா பெயர் இன்னொரு தாளில். எந்தப் பெயர் சரி என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏகாஸ் படிவத்திலும் ஈ.டி.1 படிவத்திலும் அதையே எழுதுங்கள். ஏகாஸில் தவறாகவே எழுதியிருந்தாலும், ஈ.டி.1 நிரப்பும்போது முதலில் சான்றிதழைப் பாருங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டால் அன்றைக்கே இரண்டு வேலை. கடிதத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும். அதில் தவறு எப்படி நடந்தது, இரண்டு பெயரும் ஒரே முதலாளியைத்தான் குறிக்கின்றன, ஏகாஸ் பேசியது அவரிடம்தான், வழக்கு ஏற்கப்பட்டால் அவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, எனக்கோ கெடு போய்விடும் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெறுமனே பெயரைத் திருத்தி அனுப்பினால் தேதி போய்விடும் என்பதால், முதலில் கொடுத்ததையே ஏற்க வேண்டும் என்று கேட்பதுதான் முக்கியம், திருத்தம் அதற்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியது. கூடவே சரியான பெயரில் புதுச் சான்றிதழ் வாங்கிப் புது வழக்கும் போட்டுவிட வேண்டும், முதலாவது நின்றால் நிற்கட்டும், நிற்காவிட்டால் தாமதம் மேலும் வளராது.

அந்த யாழ்ப்பாணத்து அண்ணைக்குக் கெடுவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. பே ஸ்லிப்பில் இருந்த பெயருக்கு ஒரு விண்ணப்பம், வங்கிக் கணக்கில் இருந்த பெயருக்கு இன்னொன்று என்று ஏகாஸுக்குப் போட்டோம். சமரசத்துக்கு அந்தப் பக்கம் வரவில்லை, இரண்டு சான்றிதழும் வந்தன. ஈ.டி.1 படிவத்தை அனுப்பும் முன் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, ஒரு அடிக்கோலை வரிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, எண்ணையும் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் அவர் வாய்விட்டுப் படித்தார், நான் திரையில் சரிபார்த்தேன். லிமிடெட் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு அனுப்பினோம்.